திருடன் ஓடட்டும்

"எல்லாரையும்விட நான்தான் அதிகமா ஓடுறேன். ஆனா தோத்துக்கிட்டே இருக்கேன். ஏன் மாஸ்டர்?"

கேட்டவன் சவரிமுத்து. ஆயுதப்படைக் காவலன். வயது முப்பத்திநாலு. பஸ்ஸிலிருந்து இறங்கிய பை இன்னும் தோளில் தொங்கியது.

பொற்கொடி மாஸ்டர் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். அவனைவிட நாலைந்து வயது இளையவள். இடது காலை லேசாக இழுத்து நடப்பாள். ஏற்காட்டு மலையில், யாரும் கவனிக்காமல் போட்டுவிட்ட ஒரு காப்பித் தோட்டத்தில் முகாம் நடத்தினாள். நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு மட்டும். காப்பிக்கொட்டை காயவைத்த களம்தான் மைதானம்.

"எவ்வளவு ஓடுறீங்க?"

"காலையில, சாயங்காலம். ஒரு நாளும் விட்டதில்ல. காய்ச்சல்லகூட ஓடியிருக்கேன். மெதுவா ஓடுறதுன்னா என்னன்னே எனக்குத் தெரியாது."

"எங்க விழுறீங்க?"

அந்தக் கேள்வி அவனுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சொன்னான்.

"மாரத்தான்ல கடைசிப் பத்து கிலோமீட்டர். அதுவரைக்கும் நான்தான் முதல். அப்புறம் கால் கல்லாயிடும். நடந்துதான் வருவேன். போன வருசம் அதுவும் இல்ல. ஆம்புலன்ஸ்ல வந்தேன்."

"ம்."

"மாநில போலீஸ் அணிக்குத் தேர்வு வருது. மூணு பேரைத்தான் எடுப்பாங்க. இந்தத் தடவையும் வரலைன்னா விளையாட்டுப் பிரிவுல இருந்து தூக்கிடுவேன்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு. அப்புறம் லத்தியும் பந்தோபஸ்தும்தான். ஓடுறதுக்கு ஒரு மணி நேரம்கூடக் குடுக்க மாட்டாங்க."

"உக்காருங்க."

களத்துச் சுவரில் உட்கார்ந்தான். மாஸ்டர் அவன் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பஸ்ல வந்த அசதி, அதான் கொஞ்சம்..."

"பேசாதீங்க."

பார்த்து முடித்தாள். அவன் உள்ளங்கையைக் கவிழ்த்து, அவன் தொடைமேலேயே வைத்தாள்.

போய்விட்டாள்.

அதுதான் பதில் என்று அவனுக்கு அப்போது தெரியவில்லை.

*

மறுநாள் விடியுமுன் ஒரு குரல் கேட்டது.

"எந்திரிக்காதீங்க."

மாஸ்டர் கட்டில் கட்டிலாக வந்தாள். படுத்திருந்தவர்களின் மணிக்கட்டைத் தொட்டாள். ஒருவன் கையை மல்லாத்தி வைத்தாள். அவன் துள்ளி எழுந்து ஷூவைத் தேடினான். இன்னொருவன் கையைக் கவிழ்த்து வைத்தாள். அவன் முனகிக்கொண்டே போர்வையை மடித்தான்.

சவரிமுத்துவின் கை கவிழ்ந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"வெங்காயம்," என்றது பக்கத்துக் கட்டில்.

சமையல்கட்டில் ஒரு சாக்கு சின்ன வெங்காயம் இருந்தது. அதன்முன் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் ஏற்கெனவே உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தான்.

"கை கவுந்துச்சாண்ணே? வாங்க, வாங்க. நம்ம சங்கத்துக்கு ஆள் பத்தல."

அவன் பெயர் மாசிலாமணி. பிறவியிலேயே பார்வை கிடையாது. திருச்சியில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை. லீவு போட்டுவிட்டு ஓட வந்திருந்தான்.

"என்னய்யா இது? நான் ஓட வந்திருக்கேன். வெங்காயம் உரிக்கவா வந்தேன்?"

"தூங்கி எந்திரிச்சதும் நெஞ்சு நிதானமா அடிக்கணும்ணே. நேத்து ஓடின களைப்பு உடம்புல மிச்சமிருந்தா தடதடன்னு அடிக்கும். மாஸ்டர் விரலுக்கு அது தெரியும். களைப்புமேல களைப்பைப் போட்டா உடம்பு ஏறாது, இறங்கும். அதனால இங்க வந்து உக்காரணும்."

"எனக்குக் களைப்பே கிடையாது."

"அப்படியா? உங்க கைக்குச் சொல்லிட்டீங்களா?"

சவரிமுத்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தான். கண் எரிந்தது. துடைத்தான்.

"எரியுதா? எனக்கும் எரியும்ணே. பார்க்கிறதுக்குத்தான் உதவல இந்தக் கண்ணு. அழறதுக்கு நல்லா உதவுது."

*

அன்று மதியம் முகாம் சாப்பிட்டுத் தூங்கியது. சவரிமுத்து ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவினான். மலைப்பாதையில் கீழே இறங்கி, மூச்சு முட்ட மேலே ஏறினான். யாரும் பார்க்கவில்லை. வியர்வைச் சட்டையை அலசிக் காப்பிச் செடிமேல் காயப்போட்டான். சின்னப் பையன் மாதிரி ஒரு சந்தோஷம்.

மறுநாள் கை கவிழ்ந்தது.

மதியம் மறுபடி ஓடினான்.

மறுநாளும் கவிழ்ந்தது.

ஒரு வாரம் இப்படியே போனது. சாம்பாருக்குப் போக வெங்காயம் மீந்தது. மீந்ததை இடித்து வடகம் போட்டார்கள். களத்தின் பாதியில் வடகம் காய்ந்தது. ஓடுகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

"அண்ணே, நீ இன்னும் ஒரு மாசம் இருந்தா நாம கடையே வச்சிடலாம்," என்றான் மாசிலாமணி. ஒரு வாரம் சேர்ந்து அழுததில் 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

எட்டாவது நாள் கை கவிழ்ந்ததும் சவரிமுத்து எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"நான் மதியம் ஓடுறேன்னு யாரு மாஸ்டர் போட்டுக் குடுத்தது?"

"ஓடுறீங்களா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். போலீஸ்காரனுக்கு இது அவமானம். கோபம் வந்தது.

"ஆமா, ஓடுறேன்! ஓடாம எப்படி ஜெயிக்கிறது? நீங்களும் ஒரு காலத்துல ஓடினவங்கதானே? நீங்க என்ன வெங்காயம் உரிச்சா ஜெயிச்சீங்க?"

பக்கத்துக் கட்டில்களில் போர்வைகள் விலகின.

மாஸ்டர் குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள்.

"இல்ல. என்னை யாரும் உரிக்கச் சொல்லல."

அடுத்த கட்டிலுக்குப் போனாள். கால் தரையில் உரசும் சத்தம் கேட்டது. சவரிமுத்து அந்தச் சத்தத்தை அதுவரை கேட்டதில்லை. ஒரு வாரமாகக் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அன்று மதியம் தூங்கினான். எழுப்பித்தான் காப்பி கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கை மல்லாந்தது.

*

ஷூவை மாட்டிக்கொண்டு குதிக்காத குறையாக வந்து நின்றான். மாஸ்டர் ஒரு துணிக்கயிற்றை நீட்டினாள். ஒரு முழம் நீளம். இரண்டு முனையிலும் வளையம்.

"ஒண்ணு உங்க கையில. ஒண்ணு மாசிலாமணி கையில."

"மாஸ்டர்! அவன் வேகத்துக்கு ஓடினா எனக்குத் தூக்கம் வந்திடும்."

"வராது. அவனுக்குக் கதை சொல்லணும்."

"கதையா?"

"ஓடி முடிக்கிற வரைக்கும். கதை நிக்கக் கூடாது."

"எந்த வேகத்துல ஓடணும்?"

சொல்லியாகிவிட்டது என்பதுபோல் மாஸ்டர் நடந்தாள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வெள்ளி ஓக் மரங்களுக்கு நடுவே மண்பாதை. சவரிமுத்துவுக்கு எரிச்சல்.

"பள்ளம் வருது. வலது பக்கம் சாணி."

"ரோடு எனக்குத் தெரியும்ணே. ரெண்டு மாசமா மிதிக்கிறேன். சாணிகூட அறிமுகம்தான். நீ கதையைச் சொல்லு."

"எனக்கு என்ன கதை தெரியும்?"

"போலீஸ்காரன்தானே? ஒரு திருடனைக்கூடவா துரத்தல?"

ஒரு திருடன் இருந்தான். சவரிமுத்து அவனைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வேறு கதை வாயில் வரவில்லை.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஞாயித்துக்கிழமை. சந்தை நாள். நானும் எங்க ஏட்டு குழந்தைசாமியும் ரோந்து போறோம்."

"ஏட்டு எப்படி இருப்பாரு?"

"தொந்தி. பெல்ட்டுக்கு மேல ஒரு சாண் தொங்கும். நாலடி நடந்தா ஒரு கடையில நின்னு பேசுவாரு. வெத்தலைக் கடை, வளையல் கடை, கருவாட்டுக் கடை, ஒண்ணு விட மாட்டாரு."

"நம்ம ஆளு! அப்புறம்?"

"ஒரு கிழவி கத்துறா. கழுத்துல கிடந்ததை அறுத்துட்டான். பச்சைச் சட்டை. பார்த்துட்டேன். என்னைப் பார்த்ததும் ஓடுறான். விடுவேனா? பாய்ஞ்சேன். அவன் கருவாட்டுக் கடையைத் தாண்டி... சந்துல... நான் பின்னாடி... அவன்... ஒரு சுவரு... ஏறி..."

கயிறு விறைத்தது. மாசிலாமணி தடுமாறினான். கதை துண்டு துண்டாக விழுந்து, கடைசியில் வெறும் மூச்சு மட்டும் வந்தது.

மாசிலாமணி கயிற்றைச் சுண்டி இழுத்தான்.

"திருடன் ஓடட்டும்ணே. நீ ஏன் ஓடுற?"

சவரிமுத்து நின்றுவிட்டான்.

பாதைத் திருப்பத்தில் ஒரு கல்லில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தாள். கையில் கொய்யா. அவர்களைப் பார்க்கவில்லை. காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலைக் கீழ்நோக்கிக் காட்டினாள்.

நடந்தார்கள். மூச்சு திரும்பியதும் மறுபடி ஓடினார்கள். மறுபடி சந்தை.

*

ஒரு மாதம் அதே சந்தை.

திருடன் பாய்கிற இடம் வந்தால் சவரிமுத்துவின் காலும் பாயும். கயிறு சுண்டும். "திருடன் ஓடட்டும்ணே." சவரிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தளர்த்துவான். கதை மறுபடி ஓடும்.

மெல்ல மெல்லச் சந்தை பெரிதானது. வெத்தலைக் கடைக்காரிக்கு ஒரு மூக்குத்தி வந்தது. கருவாட்டுக் கடையில் ஒரு பூனை வந்தது. ஓடிய வேகத்தில் பார்க்காமல் விட்டதையெல்லாம், எங்கிருந்தோ இப்போது எடுத்துச் சொன்னான். திருப்பத்தைத் தாண்டும்போது குரல் முழுசாகக் கேட்டது. மாஸ்டர் கொய்யாவைக் கடித்தாள். விரலைக் காட்டவில்லை.

மெதுவாகவே ஓடிக்கொண்டிருந்தான் என்று நினைக்க வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் மாஸ்டர் கயிற்றை வாங்கிக்கொள்வாள். செங்குத்தான ஒரு மேட்டைக் காட்டுவாள்.

"இன்னிக்குக் கதை வேண்டாம். ஏறுங்க. உச்சியில நின்னு என்கிட்ட பேச முடிஞ்சா அது ஓட்டமே இல்ல."

ஏறினான். நெஞ்சு வெடித்தது. பேச முடியவில்லை. மறுநாள் கை கவிழும், வெங்காயம் உரிப்பான், அதற்கடுத்த நாள் கயிற்றைப் பிடிப்பான். இப்படிப் போகப்போக ஒரு விஷயம் நடந்தது. மாசிலாமணிக்கு வேகம் கூடிவிட்டது. சவரிமுத்துவுக்கும் கூடிவிட்டது. ஆனால் கதை அறுபடவில்லை. அதே கதை, அதே மூச்சு, பாதை மட்டும் சீக்கிரம் முடிந்தது.

ஒன்றுதான் குறை. கதை முடியவில்லை.

"அரிசி மில் முக்கு வருது. பச்சைச் சட்டை திரும்பிட்டான். நானும் திரும்புறேன்."

"பிடிச்சியா?"

சவரிமுத்து வாயை மூடிக்கொள்வான்.

"என்னண்ணே, பிடிச்சியா இல்லையா?"

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள், "ஞாயித்துக்கிழமை. சந்தை நாள்," என்று ஆரம்பிப்பான்.

"சந்தையை எத்தனை தடவைதான் திறப்ப? எனக்கு அந்தப் பூனைக்கு என்ன வயசுன்னுகூடத் தெரியும். திருடன் என்ன ஆனான்னுதான் தெரியல."

*

தேர்வு ஓட்டம் கடற்கரைச் சாலையில் நடந்தது. மாஸ்டர் வந்திருந்தாள். மாசிலாமணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் ஜீப்பில் இன்ஸ்பெக்டர்.

கோட்டருகே போகுமுன் சவரிமுத்து மாஸ்டரிடம் வந்தான்.

"கடைசியா ஏதாவது சொல்லுங்க மாஸ்டர்."

"நான் என்ன சொல்றது? கதை உங்ககிட்டதானே இருக்கு."

துப்பாக்கி வெடித்தது.

பையன்கள் பறந்தார்கள். முன்னால் ஒருவன் பச்சை பனியன் போட்டிருந்தான். பச்சையைப் பார்த்ததும் சவரிமுத்துவின் கால் தானாகப் பாய்ந்தது. பழைய கால். எத்தனையோ ஓட்டங்களில் அவனை முன்னால் கொண்டுபோய்ப் பிறகு நடுரோட்டில் விட்டுவிட்டுப் போன கால்.

இடது மணிக்கட்டில் ஒன்று சுண்டியது. பார்த்தான். கயிறு எதுவும் இல்லை.

காலைத் தளர்த்தினான்.

"ஞாயித்துக்கிழமை," என்றான். "சந்தை நாள்."

பக்கத்தில் ஓடிய பையன் திரும்பினான். "சார், யார்கிட்ட பேசுறீங்க?"

"உனக்கும் வேணும்னா கேளு. எங்க ஏட்டுக்குத் தொந்தி..."

"லூசா இருக்கும்போல," என்று பையன் முன்னால் ஓடிவிட்டான்.

ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். எத்தனை பேர் என்று எண்ணுவதை விட்டுவிட்டான். வெத்தலைக் கடைக்காரியின் மூக்குத்தியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜீப் பக்கத்தில் வந்தது.

"யோவ் சவரி! என்ன, கல்யாண ஊர்வலமா போற? முன்னாடி போய்யா! இன்னியோட உன் ஓட்டம் முடிஞ்சிரும் பார்த்துக்க!"

இன்ஸ்பெக்டர் சொன்னது பொய்யில்லை. இன்றோடு முடிந்துவிடும். முன்னால் பச்சை பனியன் ஒரு புள்ளியாகிவிட்டது. இப்போது விரட்டினால் பிடிக்கலாம். இன்னும் கொஞ்சம் போனால் பிடிக்கவே முடியாது.

கால் கேட்டது. சவரிமுத்து கொடுக்கவில்லை.

"கருவாட்டுக் கடையில ஒரு பூனை," என்றான். குரல் நடுங்கியது. ஆனால் முழுசாக வந்தது.

வெயில் ஏறியது. பாதி வழி போனது. தண்ணீர்ப் பந்தல்கள் போயின. பிறகு அந்த இடம் வந்தது. எப்போதும் அவன் கால் கல்லாகிற இடம். சவரிமுத்து காத்துக்கொண்டே ஓடினான். இப்போது வரும். இதோ வரும்.

வரவில்லை.

காலையில் அவனை லூசு என்று சொன்ன பையன் சாலையோரம் நடந்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் இன்னொருவன். அவனுக்கும் முன்னால் இரண்டு பேர்.

கதையில் அரிசி மில் முக்கு வந்தது. கதை எப்போதும் நிற்கிற இடம். இன்று நிற்கவில்லை. மிச்சத்தையும் சவரிமுத்து தனக்கே சொன்னான். வாய்விட்டு, முதல் தடவையாக. சொல்லி முடித்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் கொடுக்க நின்ற பெண் பயந்து கையை இழுத்துக்கொண்டாள்.

கதை முடிந்தது.

வாயை மூடினான். மேட்டில் ஏறிய காலை எடுத்தான்.

கடைசி நீளச் சாலை. முன்னால் மூன்று பேர். மூன்றாவது ஆள் பச்சை பனியன். இடுப்பில் கை. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சவரிமுத்துவுக்கு அந்தக் கழுத்தைத் தெரியும். போன வருஷம் அது அவன் கழுத்து.

தாண்டும்போது பேசும் மூச்சு இல்லை. இருந்தாலும் இரண்டு சொல் பிய்த்துக் கொடுத்தான்.

"மெதுவா... ஓடு..."

*

கோட்டைத் தாண்டி மூன்றாவது ஆளாக வந்து தரையில் உட்கார்ந்தான். தன் காலில் வந்து, தானாக உட்கார்ந்தான்.

இன்ஸ்பெக்டர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "நான் அப்பவே சொன்னேன்லய்யா!" என்றார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் நகர்ந்ததும் மாஸ்டர் வந்தாள். குனிந்து மணிக்கட்டைப் பிடித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் உள்ளங்கையைக் கவிழ்த்து அவன் தொடைமேல் வைத்தாள்.

சவரிமுத்து சிரித்தான். "எத்தனை நாளைக்கு மாஸ்டர்?"

"சாக்கு வாங்கி வச்சிருக்கேன்."

குரல் வந்த பக்கம் கையை நீட்டிக்கொண்டு மாசிலாமணி வந்தான். தடவிப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மூணாவதாமே?"

"மூணாவது."

"சந்தோஷம். அது கிடக்கட்டும். திருடனைப் பிடிச்சியா, இல்லையா?"

"நான் பிடிக்கல."

"என்னது?"

"அரிசி மில் முக்குல எனக்கு மூச்சு அடைச்சிருச்சு. வாந்தி எடுத்துட்டு அங்கேயே உக்காந்துட்டேன்."

"அடப் பாவமே! அப்ப தப்பிச்சிட்டானா?"

"இல்ல. அவனும் ஓடி ஓடி, மில்லுக்குப் பின்னாடி மல்லாந்து கிடந்திருக்கான். ஏட்டு வந்து பிடிச்சாரு."

"யாரு, அந்தத் தொந்தியா? அவரு எப்படிண்ணே அவ்வளவு தூரம் வந்தாரு?"

சவரிமுத்து மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கடை கடையா நின்னு, பேசிக்கிட்டே வந்தாரு."